பச்சிளங் குழந்தைகளின் பேதி

குழந்தைக்குப் பேதி கண்டால் நம் கிராமங்களில் அதனைப் பெரிய விஷயமாக எவரும் கருதுவதில்லை. பல் முளைக்கும் பருவம் என்று ஒருவர் சொல்வார். தாய் உண்ட உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்பார் மற்றொருவர். தொக்கம் விழுந்திருக்கிறது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் தீர்ப்பளிப்பார். இவ்வாறு ஒரு நாள் கழியும். மறுநாள் குழந்தை துவண்டு கிடக்கும்; அழுதால் கண்ணில் நீர் வராது. அதன் பிறகே வண்டி தேடி ஓடுவார்கள். பிள்ளை பிழைத்தால் தெய்வச் செயல் என்றும், பிழைக்காவிட்டால் விதி என்றும் சொல்லிக்கொள்வார்கள். இரண்டுக்கும் இடையில் மனிதர் செய்யக்கூடியது மிகுதியாக இருந்தது என்பதை அவ்வீட்டாருக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராம சபைக் கூட்டத்தில் நான் அமர்ந்திருந்தபோது, நடுத்தர வயதுள்ள குடியானவர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "தலைவர் ஐயா, மேல்நிலைத் தொட்டியை மாதம் இருமுறை கழுவுகிறோம், குளோரின் தவறாமல் போடுகிறோம் என்று சொல்கிறீர்கள். அப்படியிருந்தும் எங்கள் தெருவில் ஒரே வாரத்தில் ஆறு கைக்குழந்தைகளுக்குப் பேதி கண்டதே, அது எப்படி? தண்ணீரில் கோளாறா, கணக்கில் கோளாறா?" கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. தலைவரின் முகம் வாடிவிட்டது. அவர் உண்மையிலேயே குளோரின் போட்டவர்தாம். எனினும் கேட்டவரின் கேள்வியும் நியாயமானதே. அதற்கு அன்று கூட்டத்தில் விடை கிடைக்கவில்லை. விடையை இங்கே விரிவாகக் காண்போம்.

பேதி பல வகை

பேதி என்ற ஒரு சொல்லால் நாம் குறிப்பிடுவது ஒரே நோயன்று. அரிசி கழுவிய நீர்போல் ஓயாமல் கழிந்து, பெரியவர்களையும் சில மணி நேரத்தில் வீழ்த்துவது காலரா. இரத்தமும் சீதமும் கலந்து, வயிற்றைப் பிசைந்து கழிவது சீதபேதி. இவற்றைப் பாக்டீரியா முதலிய கிருமிகள் உண்டாக்குகின்றன. கெட்ட நீரே இவற்றுக்குப் பெரும்பாலும் வாகனம். ஆகையால் கிணற்றிலும் தொட்டியிலும் குளோரின் இடுவதால் இவை வெகுவாக அடங்கும். தலைவர் போட்ட குளோரின் வீண்போகவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காணும் பேதியில் பெரும்பகுதி வேறு வகையைச் சேர்ந்தது. முதலில் வாந்தி எடுக்கும். இலேசான காய்ச்சல் இருக்கும். பிறகு நீராகக் கழியத் தொடங்கும். இரத்தம் இராது. மூன்று நாள் முதல் எட்டு நாள் வரை நீடித்துத் தானாகவே நின்றுவிடும். இதனை உண்டாக்குபவை வைரஸ் எனப்படும் மிக நுண்ணிய கிருமிகள். சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடியில் அவை தென்படமாட்டா. அதனால்தான் 1970ஆம் ஆண்டுகள் வரையில் ஆஸ்பத்திரிக்கு வந்த பேதிக் குழந்தைகளில் பலருக்கு இன்ன காரணம் என்று டாக்டர்களாலேயே சொல்ல முடியாதிருந்தது.

1973ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலுள்ள மெல்போர்ன் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ரூத் பிஷப் என்னும் அம்மையாரும் அவருடைய துணைவர்களும், பேதி கண்ட குழந்தைகளின் சிறுகுடலின் உட்புறத்திலிருந்து ஒரு சிறு துணுக்கை எடுத்து எலக்ட்ரான் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார்கள். குடலின் உட்புறத்துச் செல்களில் வட்ட வட்டமாக எண்ணற்ற வைரஸ்கள் இருந்தன. ஆரக்கால்களுடன் கூடிய வண்டிச் சக்கரம்போல் தோன்றியமையால், சக்கரம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லைக்கொண்டு அதற்கு ரோட்டா வைரஸ் என்று பெயர் வைக்கப்பட்டது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 14,000 ரோட்டா வைரஸ்களை வரிசையாக நிறுத்தலாம் என்றால் அதன் சிறுமை விளங்கும்.

கன்றுகளுக்குக் காணும் கழிச்சலை மாடு வளர்க்கும் அன்பர்கள் அறிவார்கள். பிறந்த சில நாட்களில் கன்று நீராகக் கழிந்து, கண் குழிந்து, எழுந்து நிற்க மாட்டாமல் படுத்துவிடும். அக்கழிச்சலுக்கும் ஒரு காரணம் இதே இனத்தைச் சேர்ந்த வைரஸ்தான். அமெரிக்காவில் நெப்ராஸ்கா என்னும் மாகாணத்தில் 1969ஆம் ஆண்டிலேயே கன்றுகளிடம் அதனைக் கண்டுபிடித்திருந்தார்கள். மனிதக் குழந்தையைவிடக் கன்றுக்குட்டி முந்திக்கொண்டது! ஆயினும் தொழுவத்துக் கழிச்சல் தொட்டிலுக்குத் தாவுவது அரிது. குழந்தையிலிருந்து குழந்தைக்குப் பரவுவதே பெருவழக்கு.

ரோட்டா வைரஸைத் தவிர வேறு சிலவும் உண்டு. 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நார்வாக் என்னும் ஊரின் பள்ளிக்கூடத்தில் பலருக்கும் ஒருசேர வாந்தியும் பேதியும் கண்டதிலிருந்து அறியப்பட்டது நோரோ வைரஸ். இது பெரியவர்களையும் விடாது. விருந்து வீடு, விடுதி, கப்பல் என்று கூட்டம் கூடும் இடமெல்லாம் புகும். அடினோ, ஆஸ்ட்ரோ என்று பெயர் கொண்ட வைரஸ்களும் குழந்தைகளுக்குப் பேதியை உண்டாக்குகின்றன. இவற்றின் பெயரை நாம் மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமில்லை. எது வந்தாலும் வீட்டில் செய்ய வேண்டிய வைத்தியம் ஒன்றே. கடுமையில் முதலிடம் பெற்றது ரோட்டா வைரஸ் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இதற்குத் தடுப்பு மருந்து வருவதற்கு முன், இந்தியாவில் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 78,000 பேர் இதனால் மாண்டார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள்.

தொட்டி நீர் தூய்மை, கை?

இப்போது அந்தக் குடியானவரின் கேள்விக்கு வருவோம். பேதி கண்ட குழந்தையின் மலத்தில் ஒரு கிராம் அளவில் ஆயிரக்கணக்கான கோடி ரோட்டா வைரஸ்கள் இருக்கும். மற்றொரு குழந்தைக்கு நோய் உண்டாக நூறுக்கும் குறைவானவையே போதும். குழந்தையின் துணியை அலசிய கை, அந்தக் கையால் பிசைந்த சோறு, தரையில் தவழும் குழந்தை, அது வாயில் வைக்கும் மரப்பாச்சி, பக்கத்து வீட்டுப் பிள்ளை வாங்கி வாயில் வைக்கும் அதே மரப்பாச்சி – இவ்வழியாகத்தான் தெரு முழுவதும் நோய் நடந்து போகிறது. இந்த வைரஸ் கையில் பல மணி நேரமும், தரை, பாத்திரம், பொம்மை முதலியவற்றில் பல நாட்களும் உயிரோடு இருக்க வல்லது. தொட்டியில் இட்ட குளோரின் தொட்டி நீரைத்தான் காக்கும். அது கையைத் தொடர்ந்து அடுப்பங்கரை வரைக்கும் வருவதில்லை.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. கைக்குழந்தையின் மலத்தில் நாற்றம் குறைவு; ஆகவே அது தீங்கற்றது என்று நம் பெண்மக்கள் எண்ணுகிறார்கள். துணியில் துடைத்துக் குப்பைமேட்டில் எறிவதும், வாசல் ஓரத்துச் சாக்கடையில் கொட்டுவதும், குழாயடியிலேயே அலசுவதும் நம் கிராமங்களில் காணாத காட்சியல்ல. கழிப்பறை கட்டிய வீடுகளிலும் பெரியவர்கள் கழிப்பறைக்குப் போவார்கள். குழந்தையின் மலம் மட்டும் தெருவுக்குப் போகும். இந்நோயைப் பொறுத்தமட்டில் வீட்டிலேயே மிக அபாயகரமான மலம் அந்தக் கைக்குழந்தையினுடையதுதான். அதனைக் கழிப்பறையில் இடுவதும், அதன் பின் சோப்பிட்டுக் கை கழுவுவதும் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

இவ்வளவும் செய்துவிட்டால் நோய் அடியோடு அற்றுப்போகுமா என்றால், போகாது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. குழாயைத் திருகினால் நாள் முழுவதும் தூய நீர் வரும் மேல்நாடுகளிலும், தடுப்பு மருந்து வரும் வரையில் ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய ஒவ்வொரு குழந்தைக்கும் ரோட்டா வைரஸ் ஒரு முறையாவது தொற்றியே வந்தது. அங்கே நோய் வந்தது. மரணம் மிக அரிதாயிருந்தது. இங்கே நோயும் வந்தது. மரணமும் உடன் வந்தது. இந்த வித்தியாசத்தைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நோயைத் தெருவில் நுழையாமல் முற்றிலும் தடுப்பது நம் சக்திக்கு அப்பாற்பட்டதாயிருக்கலாம். மரணத்தை வீட்டில் நுழையாமல் தடுப்பது நம் சக்திக்கு உட்பட்டதே.

குடலில் நடப்பது என்ன?

சிறுகுடலின் உட்புறம் வழவழப்பான குழாய் அல்ல. நாற்றங்காலில் நெருக்கமாக முளைத்து நிற்கும் நாற்றுக்களைப்போல் அங்கே எண்ணற்ற மெல்லிய குடலுறிஞ்சிகள் நிற்கின்றன. உண்ட உணவின் சத்தையும் குடித்த நீரையும் இரத்தத்துக்குள் இழுத்துக்கொள்பவை இவையே. ரோட்டா வைரஸ் இந்நாற்றுக்களின் நுனியைத்தான் தாக்குகிறது. மாடு புகுந்து நுனி மேய்ந்த நாற்றங்கால்போல் குடல் ஆகிவிடுகிறது. உறிஞ்ச வேண்டிய நீர் உறிஞ்சப்படாமல் கீழே ஓடுகிறது. உடலிலுள்ள உப்பையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. வேர் அழியாததனால் சில நாட்களில் நுனி மறுபடியும் தழைத்துவிடும். பேதியும் தானே நிற்கும். அந்தச் சில நாட்கள் வரையில் குழந்தை தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதே பிரச்சினை.

பிறந்த குழந்தையின் உடலில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். எட்டுக் கிலோ எடையுள்ள ஒரு குழந்தை, முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகமான நீரை இழந்தாலே உயிருக்கு ஆபத்தான நிலையை அடைந்துவிடும். வாந்தியும் பேதியும் சேர்ந்தால் இதற்கு ஒரு நாள்கூட வேண்டுவதில்லை. நீர் வற்ற வற்றக் கண் குழியும், நாக்கு உலரும், சிறுநீர் குறையும், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பத் தாமதமாகும், கைக்குழந்தைகளுக்கு உச்சிக்குழி உள்வாங்கும். உச்சி விழுந்துவிட்டது என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான். அவர்கள் கண்டது பொய்யல்ல. ஆனால் உச்சி விழுந்ததனால் பேதி கண்டது என்று அவர்கள் கொண்ட முடிவு தலைகீழானது. பேதியால் நீர் வற்றியதனாலேயே உச்சி விழுந்தது. தலையில் எண்ணெய் வைத்துத் தேய்ப்பதனால் அது எழும்பாது. வயிற்றுக்குள் நீர் போனால்தான் எழும்பும்.

இந்நிலையில் நம்மில் பலர் செய்வது என்ன? வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை, ஆகையால் ஒன்றும் கொடுக்காதே என்கிறோம். தாய்ப்பாலையும் நிறுத்துகிறோம். மடை உடைந்து வயலில் நீர் வடிந்து கொண்டிருக்கும்போது வாய்க்காலையும் அடைத்துவிடும் குடியானவன் உண்டா? பயிரிடம் செய்யத் துணியாததை நாம் பிள்ளையிடம் செய்துவிடுகிறோம்.

உப்புச் சர்க்கரைக் கரைசல்

வெறும் தண்ணீர் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். இழந்தது நீர் மட்டுமன்று. உப்பும் சேர்ந்தே போயிருக்கிறது. உப்பை மட்டும் கரைத்துக் கொடுத்தாலும் சீர்கெட்ட குடல் அதனை எளிதில் ஏற்காது. ஆனால் குடலின் செல்களில் ஒரு விசித்திரமான வாசல் இருக்கிறது. குளுகோஸும் உப்பும் ஜோடியாக வந்தால்தான் அவ்வாசல் திறக்கும். திறந்ததும் அவற்றின் பின்னாலேயே நீரும் உள்ளே நுழைந்துவிடும். கடுமையான பேதியிலும் இந்த வாசல் முற்றிலும் அடைபடுவதில்லை. 1960ஆம் ஆண்டில் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி வெளியிட்ட இக்கருத்துத்தான் பின்னர் கோடிக்கணக்கான குழந்தைகளின் உயிருக்கு ஆதாரமாயிற்று.

அதனை வயல்வெளியில் பரீட்சித்துக் காட்டியவர் ஒரு இந்திய டாக்டர். 1971ஆம் ஆண்டில் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்காளத்து எல்லையிலுள்ள பன்கான் என்னும் ஊரில் அகதிகள் இலட்சக்கணக்கில் வந்து குவிந்தார்கள். முகாம்களில் காலரா மூண்டது. நரம்பில் ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துகொண்டே வந்தது. அதனை ஏற்றத் தெரிந்த கைகளும் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்பார் உப்பு, சோடா உப்பு, குளுகோஸ் ஆகியவற்றைக் கணக்காகப் பொட்டலம் கட்டச் செய்து, பீப்பாய்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் உற்றார் உறவினரைக்கொண்டே வாய் வழியாகப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் அளவில் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவாயிற்று. எழுத்தறியாத தாய்மார்களே அங்கு வைத்தியர்களானார்கள். அந்த டாக்டர் 2022ஆம் ஆண்டில் காலமானார். அவருடைய பொட்டலம் இன்று நம் அங்கன்வாடியிலும் துணைச் சுகாதார நிலையத்திலும் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. காலராவுக்குக் கண்ட அவ்வைத்தியம் வைரஸ் பேதிக்கும் அப்படியே பொருந்தும்.

கரைக்கும் முறையில் சிறிது கண்டிப்பு வேண்டும். பெரிய பொட்டலம் ஒன்றை முழுவதுமாக ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைப்பது, குழந்தை சிறியது என்று கொஞ்சம் எடுத்துக் கொஞ்சம் வைப்பது ஆகியவை கூடா. நீர் குறைந்தால் உப்பு மிகுந்து தீங்கு செய்யும். நீர் மிகுந்தால் பயன் குறையும். ஒரு லிட்டருக்கு அளவு ஏது என்றால், கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் இன்று எந்த வீட்டுப் பரண்மேலும் கிடக்கிறது. நன்றாகக் கழுவி அளந்து கொள்ளலாம். காய்ச்சி ஆற்றிய நீர் உத்தமம். கரைத்ததை மூடி வைத்து, ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்காமல் மீந்ததைக் கொட்டிவிட வேண்டும்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை கழிந்த பின்னும் 50 முதல் 100 மில்லி லிட்டர் வரையில் கொடுக்கலாம். அதற்கு மேற்பட்ட வயதினருக்கு 100 முதல் 200 வரையில். டம்ளரைச் சாய்த்து ஊற்றாமல் கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் மனம் தளர வேண்டியதில்லை. பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் நிதானமாக மறுபடியும் தொடங்க வேண்டும். பெரும்பாலோர் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். ஒரு முறை கக்கிவிட்டது என்றதும் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிடுகிறார்கள். கக்கியதுபோக உள்ளே தங்கும் கொஞ்சமும் உயிருக்கு உதவும்.

பொட்டலம் கைக்கு வந்து சேரும் வரையில் உப்பிட்ட அரிசிக் கஞ்சி, நீர்மோர், இளநீர் ஆகியவற்றைச் சற்று வளர்ந்த குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தும் கொடுக்கலாம். உப்பு அளவு மீறவே கூடாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலும் பொட்டலக் கரைசலுமே போதும். மற்றவர்களுக்கும் தாய்ப்பாலை நிறுத்தாமல், வழக்கமான உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை ஊட்ட வேண்டும். மேய்ந்த நாற்று தழைப்பதற்கு உரம் வேண்டுமல்லவா?

கடையில் விற்கும் சோடா, கலர், பெட்டியில் அடைத்த பழரசம் ஆகியவற்றைக் கொடுப்பது பெருந்தவறு. அவற்றிலுள்ள மிகுதியான சர்க்கரை குடலுக்குள் மேலும் நீரை இழுத்துப் பேதியைப் பெருக்கிவிடும். குளுகோஸ் பொடி மட்டும் வாங்கிக் கொடுப்பதும் போதாது. அதில் உப்பு இல்லை. சில வியாபாரிகள் இனிப்புப் பானங்களின் பெயரிலேயே ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துக்களைச் சேர்த்து விற்றுவந்தார்கள். படித்தவர்களே ஏமாந்தார்கள். 2025ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அவ்வாறு பெயரிடுவதைத் தடை செய்தது. இனிமேலும் கடையில் வாங்க நேரிட்டால் உலக சுகாதார ஸ்தாபனத்தின் முறைப்படி தயாரித்தது என்று உறையில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கரைசலோடு துத்தநாக மாத்திரையும் கொடுக்க வேண்டும். இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரையில் நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20 மில்லிகிராம், 14 நாட்கள். மூன்றாம் நாளே பேதி நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுவது வழக்கமாயிருக்கிறது. மிச்சமுள்ள மாத்திரைகள்தாம் குடலைச் சீர்செய்து, அடுத்து வரும் மாதங்களில் பேதி திரும்பாமல் காக்க உதவுகின்றன.

இனி, வைரஸைக் கொல்ல ஊசி போடுங்கள் என்று டாக்டரை வற்புறுத்தும் வழக்கத்தைப்பற்றி ஒரு வார்த்தை. ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யா. நீராகக் கழியும் சாதாரணப் பேதியில் அவற்றைக் கொடுப்பதனால் பணம் போவதோடு, சில வேளைகளில் பேதி நீளவும் கூடும். பேதியைச் சட்டென்று அடைக்கும் மாத்திரையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது; குடல் அசைவு நின்று உயிருக்கே ஊறு நேரலாம். மருந்துக் கடைக்காரர் கொடுத்தாலும் வாங்கலாகாது. கிராமத்தில் கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவர் போடும் ஊசிக்கும் இதே பதில்தான்.

எப்போது வீட்டு வைத்தியத்தை விட்டு விரைய வேண்டும்? குழந்தை குடிக்க மாட்டாமல் துவண்டு கிடந்தால், குடித்ததையெல்லாம் கக்கினால், கண் மிகவும் குழிந்து காணப்பட்டால், கிள்ளிய தோல் மடிப்பு மெல்லத் திரும்பினால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லையென்றால், மலத்தில் இரத்தம் தென்பட்டால், வலிப்பு வந்தால், ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது. 108க்குத் தொலைபேசி செய்ய வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்குப் பேதி கண்டால் இந்த அடையாளங்களுக்குக் காத்திராமலே டாக்டரிடம் காட்ட வேண்டும். வண்டி ஓடும்போதும் கரண்டி ஓய்ந்துவிடக் கூடாது. விழுங்கும் நிலையில் குழந்தை இருக்கும் வரையில் வழி நெடுகிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும்.

வேலூரில் கண்ட உண்மை

நோயை முன்கூட்டித் தடுக்கும் சொட்டு மருந்தைப்பற்றிச் சொல்லுமுன், வேலூரில் நடந்த ஓர் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். 2002ஆம் ஆண்டு முதல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள், அந்நகரத்தின் ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் பிறந்த 373 குழந்தைகளை மூன்று ஆண்டுகள் விடாமல் தொடர்ந்து கவனித்தார்கள். பேதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மலத்தைச் சோதித்து வந்தார்கள். ஆறு மாதம் நிறைவதற்குள்ளேயே நூற்றுக்கு 56 குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸ் தொற்றியிருந்தது. ஒரு முறை வந்தால் போயிற்று என்பதும் இல்லை. திரும்பத் திரும்ப வந்தது. ஆனால் ஒவ்வொரு முறை வந்துபோன பின்னும் அடுத்த முறை வரும் நோயின் கடுமை குறைந்துகொண்டே போயிற்று. மூன்று முறை தொற்றியவர்களிடம் கடுமையான நோயிலிருந்து நூற்றுக்கு 79 பங்கு பாதுகாப்பு ஏற்பட்டிருந்தது.

நம் ஊர்க் குழந்தைகளுக்கு மிக இளம் பருவத்திலேயே தொற்றிவிடுகிறது. ஆகையால் சொட்டு மருந்தையும் தாமதிக்காமல் கொடுத்துவிட வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. மூன்று தவணையும் ஏன் வேண்டும் என்பதும் விளங்கும். இயற்கை மூன்று முறை நோயைக் கொடுத்துக் கற்பிக்கும் பாடத்தைச் சொட்டு மருந்து நோயில்லாமலே கற்பிக்க முயல்கிறது.

இந்தியாவிலேயே உருவான சொட்டு மருந்தின் கதை சுவையானது. 1980ஆம் ஆண்டுகளின் நடுவில் டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் பான் என்பாரும் அவருடைய துணைவர்களும் பிறந்த குழந்தைகளிடம் ஒரு வகை ரோட்டா வைரஸைக் கண்டார்கள். தொற்றியும் அக்குழந்தைகளுக்குப் பேதி உண்டாகவில்லை. அந்த வைரஸின் பதினொரு மரபுத் துண்டுகளில் ஒன்று மாட்டினத்து ரோட்டா வைரஸிலிருந்து வந்ததாக இருந்தது! அம்மைக்குத் தடுப்பு மருந்து பசுவின் அம்மையிலிருந்து வந்ததைப்போலவே இதிலும் மாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. பிற்காலத்தில் டில்லி, புனா, வேலூர் ஆகிய மூன்று இடங்களிலும் 6,799 குழந்தைகளைக்கொண்டு இதனைப் பரீட்சித்தார்கள். கடுமையான ரோட்டா வைரஸ் பேதியைப் பாதிக்குச் சற்று மேல் இது தடுப்பதாக 2014ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. 2016ஆம் ஆண்டில் சில மாநிலங்களில் தொடங்கி, 2017இல் தமிழ்நாட்டுக்கும், 2019இல் நாடு முழுவதற்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து அரசாங்கத்தின் இலவசத் தடுப்பு மருந்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது.

பாதிதானே தடுக்கிறது என்று அலட்சியமாகப் பேசுவோர் உண்டு. பத்து வீட்டில் தீப்பற்றும் இடத்தில் ஐந்து வீட்டைக் காக்கும் ஏற்பாட்டை எவரும் வேண்டாமென்று சொல்லமாட்டார்கள். ஆயினும் எஞ்சிய பாதிக்காகவும், நோரோ முதலிய மற்ற வைரஸ்களுக்காகவும் பொட்டலம் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். சொட்டு மருந்து கொடுத்தாயிற்று, இனிப் பேதியே வராது என்று எந்தத் தாய்க்கும் வாக்குக் கொடுக்கலாகாது. அவ்வாறு வாக்குக் கொடுத்துவிட்டு, ஒரு பேதி வந்ததும் எல்லாத் தடுப்பு மருந்திலும் ஜனங்களுக்கு நம்பிக்கை போய்விடுவதை நான் கண்டிருக்கிறேன்.

பிறந்து 6, 10, 14 வாரங்களில் மற்றத் தடுப்பூசிகள் போடும் அதே நாளில் இச்சொட்டு மருந்தும் வாயில் கொடுக்கப்படுகிறது. தனியாக ஒரு நாள் கூலியை இழந்து வரவேண்டியதில்லை. போலியோ சொட்டு மருந்து வேறு, இது வேறு. ஒன்று கொடுத்தால் மற்றொன்று கொடுத்ததாகாது. தவணை தவறியவர்கள் ஒரு வயது நிறைவதற்குள் முதல் தவணையைத் தொடங்கிவிட்டால் மிச்சத்தையும் பெறலாம். மிக அரிதாகச் சில குழந்தைகளுக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் நோய் காண்பதுண்டு. சொட்டு மருந்து பெறாத குழந்தைகளுக்கும் அது வரும். குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழுது, இரத்தமும் சளியும் கலந்து கழிந்தால், எக்காரணத்தால் வந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பஞ்சாயத்து செய்யக் கூடியவை

கிராம சபையில் சாலை, விளக்கு, வாய்க்கால் ஆகியவற்றுக்கு ஒதுக்கும் நேரத்தில் கால் மணி நேரத்தை இதற்கு ஒதுக்கினால் போதும். மார்ச்சு மாதம் 22ஆம் தேதி உலகத் தண்ணீர் நாளன்று கூடும் கிராம சபை இதற்கு மிகவும் பொருத்தமானது. அதற்குப் பிறகு வருவது கோடை. ஊரிலுள்ள ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கணக்கு அங்கன்வாடிப் பணியாளரிடமும் கிராம சுகாதார நர்ஸிடமும் இருக்கிறது. மூன்றாம் தவணை பெறாதவர்கள் எத்தனை பேர் என்று அவர்களைக் கேட்க வேண்டும். செங்கற்சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போய்த் திரும்பியவர்களின் குழந்தைகளே பெரும்பாலும் அந்தக் கணக்கில் விட்டுப்போயிருக்கும். அவர்களை அறிந்தவர் அந்தத் தெருவின் அங்கத்தினர்தாம், நர்ஸ் அல்ல.

தொட்டிக்குக் குளோரின் இடுவதையும், குழாய் சாக்கடையைக் கடக்கும் இடங்களில் கசிவை அடைப்பதையும் எக்காரணத்தைக்கொண்டும் நிறுத்திவிடலாகாது. அத்துடன் பால்வாடிக் குழந்தைகள் உண்ணுமுன் கை கழுவுவதற்குக் குழாயும் சோப்பும் இருக்கின்றனவா என்று மாதம் ஒரு முறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். குழாய் இருக்கும், சோப்பு இராது. இது நான் பல ஊர்களில் கண்டது.

2014ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் பேதித் தடுப்பு இயக்கம் நடந்து, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொண்டுவந்து கொடுக்கப்படுகிறது. கொடுத்த பொட்டலம் ஆறு மாதத்துக்குப் பின் எங்கே இருக்கிறது என்று எவருக்கும் தெரிவதில்லை. பேதியோ இரவில்தான் வரும், அங்கன்வாடி மாலையில் பூட்டப்படும், கடையும் அடைக்கப்படும். ஆகையால் ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீட்டில் பத்துப் பொட்டலங்களும், சில அட்டை துத்தநாக மாத்திரையும், ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றும் எப்போதும் இருக்கும்படி பஞ்சாயத்து ஏற்பாடு செய்யலாம். கிராம சுகாதாரக் குழுவின் மூலம் நர்ஸிடம் கேட்டால் அவை கிடைக்கும். கரைக்கும் விதத்தை அவ்வீட்டு அம்மையாருக்கு ஒரு முறை செய்துகாட்டி, அவரையும் எதிரிலேயே செய்யச் சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டின் கதவு எண்ணைப் பஞ்சாயத்துக் கட்டிடத்துப் பலகையிலும் குழாயடியிலும் எழுதி வைக்க வேண்டும். எந்த நேரத்திலும் கதவைத் தட்டலாம் என்றும் அதன் கீழே எழுத வேண்டும்.